அந்தப் பிள்ளைக்கு எப்போது ஞாயிறு?

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும், சபைக் குழு உறுப்பினர்களுக்கும், பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த அக்கா தங்கைகளுக்கும் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

நான் எந்தச் சபையைச் சேர்ந்தவள் என்று இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்தச் சபையைப் பற்றித் திரும்பிவிடும். அதுவும் போக, வீட்டுப் பணிப்பெண்களின் ஓய்வுநாளைப் பற்றி நான் சொல்லவரும் குறையில் பாதி என் வீட்டுக் குறை. முப்பது வருஷத்துக்கு மேல் தாதியாக வேலை பார்க்கிறேன், இன்னும் ஷிஃப்டில்தான். பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறேன். 83 வயதான அம்மா என்னோடு இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள மிசோரத்திலிருந்து வந்த ஒரு பெண் நான்கு வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். அம்மா அவளைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்.

சில வாரங்களுக்கு முன் எங்கள் கோயிலில் நான்காம் கட்டளையைப் பற்றிப் பிரசங்கம். (கத்தோலிக்கத் தோழி ஒருத்தியிடம் சொன்னபோது, “எங்களுக்கு அது மூன்றாவது” என்றாள். எந்த எண்ணில் வைத்தாலும் மீறுவது ஒரே மாதிரிதான் மீறுகிறோம்.) யாத்திராகமம் 20 வாசிக்கப்பட்டது. “ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக.” நல்ல பிரசங்கம், குறை சொல்ல மாட்டேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதீர்கள், தாமதமாக வராதீர்கள், கைப்பேசியை அணைத்து வையுங்கள் என்றார் போதகர். எல்லாரும் ஆமென் சொன்னோம்.

அந்த நேரம் பார்த்து அம்மா இருமினார். திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில், சாய்தளக் கதவுக்குப் பக்கத்தில் ஐந்து சக்கர நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெண். ஒருத்தி பிளாஸ்டிக் குவளையில் தண்ணீரோடு கெட்டிப்பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும், கட்டி தட்டாமல் கலக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இன்னொருத்தியின் மடியில் யாருடைய பிள்ளையோ தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பாப்பா அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஐந்து பேரில் ஒருத்திக்கும் தமிழ் தெரியாது. சற்று முன் வாசித்த வசனத்திலேயே அவர்கள் இருந்தார்கள். “நீயானாலும், உன் குமாரனானாலும்” என்று தொடங்குகிற அந்த வரிசையில் “உன் வேலைக்காரியானாலும்” என்று வருகிறது, “உன் வாசல்களில் இருக்கிற அந்நியனானாலும்” என்று முடிகிறது. நாங்கள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டோம்.

“வாராவாரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அதுவே அவளுக்கு லீவு மாதிரிதானே!” இப்படிச் சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், அவளிடமும் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

சட்டப்படி நாங்கள் சரிதான். 2013 ஜனவரியிலிருந்து பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று இங்கே விதி இருக்கிறது. அவள் சம்மதித்தால் அந்த நாளுக்குப் பதிலாகக் காசு கொடுக்கலாம். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. 650 வெள்ளி என்றால் ஓய்வுநாள் ஒன்றின் விலை 25 வெள்ளி. 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது காசாக மாற்ற முடியாது, கட்டாயம் விட்டாக வேண்டும். நாங்களும் அந்த ஒன்றை விட்டோம், மற்றவற்றுக்குக் காசு கொடுத்தோம். நம் ஊர்த் தமிழில் டாலருக்கு வெள்ளி என்று பேர் வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றை வெள்ளியாக மாற்றும் வித்தையை நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம்.

அவளிடம் ஒரு நாள் கேட்டேன், உங்கள் ஊரில் ஞாயிறு எப்படி இருக்கும் என்று. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். மிசோரத் தலைநகர் ஐஸாலில் ஞாயிறன்று கடை திறந்திருக்காது, தெருவில் வண்டி அதிகம் ஓடாது, சனிக்கிழமையே சமைத்து வைத்துவிடுவார்கள், கோயிலில் முரசு அடித்துப் பாடுவார்கள், நடுப்பகலில் ஊரே தூங்கும் என்றாள். “ஞாயிற்றுக்கிழமை அம்மாகூடத் துணி துவைக்க மாட்டார் மேடம்” என்றாள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து புறப்பட்டு, கிறிஸ்தவ வீடு என்று கேட்டு மகிழ்ந்து எங்கள் வீட்டுக்கு வந்து, ஞாயிற்றைத் தொலைத்திருக்கிறாள். அவளுடைய நான்கு வருஷத்தில் ஏறத்தாழ இருநூறு ஞாயிறு வந்து போயிருக்கும். நாற்பத்தெட்டு அவளுடையவை. மீதிக்கு ரசீது இருக்கிறது.

ஐயா, ஓய்வுநாளை நாம் வருகைப் பதிவேடாக ஆக்கிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேதம் அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று பாருங்கள். பத்துக் கட்டளைகள் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமத்தில் இந்தக் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு: ஆறு நாள் படைத்தார், ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5-இல் அதே கட்டளைக்குக் காரணம் வேறு. நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்கிறது. முதலாவதை ஓய்வுநாள் பள்ளியில் படம் வரைந்து சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டாவதைப் பற்றி நான் கோயிலில் கேட்ட பிரசங்கம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடும் என்பதாலோ என்னவோ.

எகிப்தில் மோசே பார்வோனிடம் கேட்டது முதலில் என்ன? விடுதலைகூட இல்லை, லீவு. மூன்று நாள் வனாந்தரத்துக்குப் போய்ப் பண்டிகை கொண்டாட விடு என்றுதான். அதற்குப் பார்வோன் சொன்ன பதில், நீங்கள் சோம்பேறிகள் என்பது. அதோடு, இனி வைக்கோலும் தர மாட்டேன், செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்று கூட்டிவிட்டான். லீவு கேட்டவளைப் பற்றி நம் ஐக்கிய விருந்து மேசையில் என்னென்ன பேசுகிறோம்? “இப்போதே லீவு கேட்கிறாள், நாளைக்கு என்ன கேட்பாளோ.” “வெளியே விட்டால் சேர்க்கை கெட்டுவிடும்.” “போன வீட்டில் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.” வசனம் மாறியிருக்கிறது, பேசுகிறவன் அதே பார்வோன்தான்.

எபிரேய மொழி எனக்குத் தெரியாது. வேதபாட வகுப்பில் ஒருமுறை சொல்லக் கேட்டு, பிறகு அகராதியில் தேடிப் பார்த்தது இது. யாத்திராகமம் 31-இல், கர்த்தர் ஏழாம் நாளில் “ஓய்ந்திருந்து பூரித்தார்” என்று நம் வேதாகமம் சொல்கிறது. மூலத்தில் அந்தப் ‘பூரித்தார்’ மூச்சு, உயிர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டார் என்று சொல்லலாம். அந்த வினைச்சொல் பழைய ஏற்பாடு முழுவதிலும் மூன்றே இடத்தில்தான் வருகிறது. ஒன்று கர்த்தருக்கு. ஒன்று, களைத்துப்போய் வந்து சேர்ந்த தாவீதுக்கு. இன்னொன்று யாருக்குத் தெரியுமா? யாத்திராகமம் 23:12-இல், அடிமைப்பெண்ணின் பிள்ளைக்கும் அந்நியனுக்கும். வானத்தையும் பூமியையும் படைத்தவர் விட்ட மூச்சும், பின்வரிசைப் பெண் விட வேண்டிய மூச்சும் அங்கே ஒரே சொல்.

தமிழில் இதற்கு ‘இளைப்பாறும்’ என்று போட்டவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். வார்டில் அந்தக் காலத்துப் பாட்டிமார் மூச்சு முட்டினால் “இளைப்பா இருக்கும்மா” என்பார்கள். அது ஆற வேண்டும். தேநீர் ஆறுவதுபோல, புண் ஆறுவதுபோல. எதையும் ஊதி ஊதி ஓரளவுக்குத்தான் ஆற்ற முடியும், மீதிக்கு அதன்பாட்டுக்கு விட வேண்டும். நெபுலைசர் வைத்த பிறகு நோயாளியின் தோள்பட்டை மெல்லக் கீழே இறங்கும் பாருங்கள், அதைப் பார்த்த எந்தத் தாதிக்கும் இளைப்பாறுதல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்” என்று கூப்பிட்டவர் தருவதாகச் சொன்னதும் இதைத்தான்.

சரி, நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். நீயே ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவள்தானே? ஆமாம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது வார்டில்தான் இருப்பேன். அதற்காக எனக்குக் குற்ற உணர்வு கிடையாது. ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று கேட்டவர் இயேசு. கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வுநாளாக அறிவித்தபோதுகூடப் பயிர்வேலைக்கு விலக்குக் கொடுத்தார், மழையும் விதைப்பும் காத்திருக்காது என்று. என் ஓய்வு பெரும்பாலும் புதன்கிழமை வரும். எந்தக் கிழமை என்று சண்டை போட எனக்கு ஆசையில்லை. சனிக்கிழமையை ஆசரிக்கும் ஏழாம் நாள் சபையார் வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்ததும் எல்லாவற்றையும் நிறுத்துவதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் பொறாமைதான். நாள் எதுவாக இருந்தாலும், நிறுத்தத் தெரிந்திருக்கிறதே.

எனக்கு அது தெரியவில்லை. புதன்கிழமை லீவு என்றால் அலமாரித் தட்டுகளை எல்லாம் இறக்கித் துடைப்பேன். குளிர்சாதனப் பெட்டியைக் கழுவுவேன். உட்கார்ந்தால் ஏதோ திருடியதுபோல இருக்கும். நான் நிறுத்தாதபோது அவள் எப்படி நிறுத்துவாள்? மேடம் துடைத்துக்கொண்டு நிற்கும்போது அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ள எந்தப் பணிப்பெண்ணுக்குத் துணிச்சல் வரும்?

வேலை முடிந்தால்தான் ஓய்வு என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். வேதத்தில் கணக்கு அப்படி இல்லை. ஆதியாகமம் 1-இல் ஒவ்வொரு நாளும் “சாயங்காலமும் விடியற்காலமுமாகி” என்றுதான் எண்ணப்படுகிறது. முதலில் தூக்கம், பிறகுதான் வேலை. மனுஷனைப் படைத்தது ஆறாம் நாள். அப்படியானால் அவனுக்குக் கிடைத்த முதல் முழு நாள் எது? ஏழாவது. ஆதாம் லீவு எடுத்துக்கொண்டுதான் வேலையில் சேர்ந்திருக்கிறான்! ஒன்றும் சாதிக்காமல், ஒரு செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாமல் கிடைத்த ஓய்வு அது. கிருபை என்று நாம் பாட்டில் பாடுவதற்கு நாட்காட்டியில் ஒரு இடம் உண்டென்றால் அது இந்த நாள்தான்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் ஒன்பது மணிக்கு ஓய்வுநாள் பள்ளி, பதினொன்றரைக்குக் கணக்கு டியூஷன், இரண்டு மணிக்கு அறிவியல் என்று ஓடுகிறார்கள். இந்த ஊர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவழித்தது 2018-இல் 140 கோடி வெள்ளி, 2023-இல் 180 கோடி. வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்த கதையில் ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தும், ஏழாம் நாளிலும் சிலர் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வருஷத்தில் அந்தச் சிலரில் நானும் ஒருத்தியாக இருந்தேன், என் மகனைக் கேட்டால் சொல்வான். இதைத் தனியாக இன்னொரு நாள் எழுதலாம்.

பிரசங்கம் கேட்ட அடுத்த ஞாயிறு எனக்கு வேலை இல்லை. சனி இரவே அவளிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு நீ போ, இரவு எட்டு மணிக்கு மேல் வந்தால் போதும் என்று. சந்தேகமாகப் பார்த்தாள். ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ, ஏஜென்சிக்கு அனுப்பப்போகிறார்களோ என்று பயந்திருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் லீவு கொடுத்தால் பயப்படும் அளவுக்கு வைத்திருந்திருக்கிறேன்.

ஆறேகாலுக்கு எழுந்தேன். ஆயிரம் நோயாளிகளைக் குளிப்பாட்டிய கை என்று நினைப்பு. வார்டில் என்னோடு இன்னொருத்தி இருப்பாள், தூக்கிவிட இயந்திரம் இருக்கும். வீட்டுக் குளியலறையில் நானும் அம்மாவும் வழுக்குத் தரையும்தான். கஞ்சியை இன்னும் ஆற்றச் சொன்னார், பிறகு ஆறிவிட்டது என்றார். சக்கர நாற்காலியைத் தள்ளினால் புளோக் வாசல் தாண்டவில்லை, நின்றுவிட்டது. இடது முன்சக்கரம் ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார், “பாப்பா காலால ஒரு தட்டு தட்டுவா, போயிரும்.” தட்டினேன், போனது. நான்கு வருஷமாக அந்தச் சக்கரம் அப்படித்தான் இருந்திருக்கிறது. அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

கோயிலில் பின்வரிசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தமிழ் தெரிந்த எனக்கே பிரசங்கத்தில் பாதி காதில் விழவில்லை. தண்ணீர், கழிவறை, போர்வை, மறுபடி தண்ணீர்.

இரவு எட்டேகாலுக்கு வந்தாள். எங்கே போனாய் என்று கேட்டேன். ஊர்ப் பிள்ளைகள் கூடும் ஆராதனைக்குப் போனாளாம். அப்புறம் நான்கைந்து பேராகப் பூமலைக்கு (தாவரவியல் பூங்காவுக்கு) போய்ப் புல்லில் பாய் விரித்திருக்கிறார்கள். பாட்டு, சாப்பாடு எல்லாம் இருந்திருக்கும் என்று நினைத்தேன். “தூங்கினேன் மேடம்” என்றாள். “மூன்று மணி நேரம். யாரும் கூப்பிடவே இல்லை.”

ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசாவிலும், பெனின்சுலா பிளாசாவிலும், பாய லேபார் பக்கத்திலும், நம் தேக்காவிலும் வெளிநாட்டுப் பணியாளர் கூட்டம் தாங்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். பந்தயப் பாதைப் புல்தரையில் கட்டுமானத் தம்பிமார் வட்டமாக உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, வீடியோவில் ஊர்ப் பிள்ளையிடம் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தத் தீவில் மூன்று லட்சம் அளவுக்கு இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் வெளியே வர முடிந்தவர்கள்தான் அங்கே தெரிகிறார்கள். நாங்கள் ஆராதனை முடிந்து அந்த வழியாக நிர்வாகக் கூட்டத்துக்கும் பாட்டுப் பயிற்சிக்கும் ஓடும்போது, ஓய்வுநாளை அவர்கள்தான் ஆசரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உபாகமம் 5-ஐ ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், திடப்படுத்தல் வகுப்பிலும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியத்துக்கு மேல் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள். கட்டட நிதிக் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனால் கட்டடம் ஓடிவிடாது. இந்த இரண்டும் எளிது.

அடுத்தது கொஞ்சம் வேலை உள்ளது. “அம்மாவை யார் பார்ப்பது?” என்ற கேள்வி சாக்கு மட்டும் இல்லை, பல வீடுகளில் அது நிஜம். வயதான ஒரே மகள், வயதான அம்மா, மூன்றாவது கை இல்லை. சபை அந்த மூன்றாவது கையாக இருக்கலாமே. ஆராதனை முடிந்ததும் மாலை வரைக்கும் கோயில் கூடத்தில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஆள் போடுவோம். நம் சபைகளில் தாதிகளுக்கா பஞ்சம்? தூக்குவது, திருப்புவது, கெட்டிப்பொடி கலப்பது எல்லாவற்றையும் வாலிபர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். பதினெட்டு வருஷம் கூனியாக இருந்த ஸ்திரீயை இயேசு ஓய்வுநாளில் நிமிர்த்தியபோது ஜெபஆலயத் தலைவன் கோபப்பட்டான், வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வாருங்கள் என்று. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட ஓய்வுநாளில் கொண்டுபோகிறீர்களே, இவளைக் கட்டவிழ்க்கக் கூடாதா என்று இயேசு கேட்டார். அந்த நாளில் செய்யத் தகுந்த வேலை ஒன்று உண்டென்றால் அவிழ்த்துவிடுவதுதான்.

கடைசியாக ஒன்று, குழு உறுப்பினர்களுக்கு மட்டும். அறிவிப்புப் பலகையில் போடுவதற்கு முன் நம் வீடுகளில் தொடங்குவோம். யார் வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை ஞாயிறு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் சங்கடம் நமக்கு வரட்டும். என்னை முதலில் கேளுங்கள். போன மாதம் மூன்று. ஒன்று என் ஷிஃப்டினால் போனது. அதற்குப் பதில் புதன்கிழமை கொடுத்தேன். அன்று அலமாரியைத் துடைக்கவில்லை.

வரும் ஞாயிறும் அம்மாவை நான்தான் தள்ளிக்கொண்டு வருவேன். அன்றைக்கு ஆல்ட்டோவில் ஒரு குரல் குறையும். பாடகர் குழுத் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் ஒன்றைச் சேர்ந்த ஒரு தாதி